பழைய அஸ்திவாரம், புதிய அஸ்திவாரம், ஒரே எஃகுச் சட்டகம்: கணினி மாதிரி அமைக்க முழுமையான வழிகாட்டி

நான்கு தூண்கள் கொண்ட ஓர் எஃகுச் சட்டகம். இரண்டு தூண்களுக்குக் கீழே பல ஆண்டுகளாகப் பாரம் சுமந்து இறுகிய மண். மற்ற இரண்டுக்குக் கீழே அண்மையில்தான் குழி தோண்டிக் கான்கிரீட் வார்க்கப்பட்ட இடம். மென்பொருளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. நான்கு முனைகளிலும் ஒரே வகை ஆதாரத்தைக் கொடுத்தால், நான்கும் ஒரே நாளில் பிறந்தவை என்று எண்ணிக்கொண்டு கணக்கை முடித்துவிடும். அது தரும் விடை பார்வைக்கு அழகாகவே இருக்கும். தவறு தெரிவது பிறகு, சுவரில் விரிசல் விழும்போது.

மண்ணின் நெகிழ்வைக் காட்ட ஆதாரத்தில் வைக்கும் ஸ்பிரிங்கின் எண்ணை எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டோம் என்பதைவிட, எந்தச் சுமை எந்த அஸ்திவாரத்துக்கு எப்போது வந்தது என்பதை மாதிரிக்குள் சரியாகக் கொண்டுவந்தோமா என்பதே இங்கே பெரிய கேள்வி. சட்டகப் பகுப்பாய்வு தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். மென்பொருளில் பொத்தான் எங்கே இருக்கிறது என்ற பாடம் இதில் இல்லை.

கணினியைத் திறக்கும் முன்

பழைய வரைபடம் கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம். ஃபுட்டிங்கின் (தூணின் சுமையை மண்ணில் பரப்பும் கான்கிரீட் அடித்தளத்தின்) அடிமட்டம் வரை ஒரு பக்கமாவது சோதனைக் குழி தோண்டி நீளம், அகலம், தடிமன், ஆழம் ஆகியவற்றை அளக்க வேண்டும். பெடஸ்டல், அதாவது தூணுக்கும் ஃபுட்டிங்குக்கும் இடையிலுள்ள கான்கிரீட் குட்டைத்தூண், ஃபுட்டிங்கின் நடுவில்தான் நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய ஃபுட்டிங்குகளில் 100 மி.மீ. விலகல் ஒன்றும் அதிசயமில்லை. 400 கிலோநியூட்டன் சுமைக்கு அந்த விலகல் மட்டுமே 40 கிலோநியூட்டன்-மீட்டர் மொமென்ட் (வளைக்கும் திருப்புவிசை) தரும். கம்பி காட்டும் ஸ்கேனரை மேலிருந்து வைத்தால், தடிமனான ஃபுட்டிங்கின் அடிக்கம்பியை அது காணாது. குழிக்குள் இறங்கி, ஒரு மூலையின் பக்கவாட்டைக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. கான்கிரீட்டின் வலிமைக்கு கோர் (உருளைத் துண்டு) எடுத்துச் சோதிக்கலாம்.

இவற்றைவிட முக்கியமான தகவல் ஒன்று உண்டு: அந்த ஃபுட்டிங் இதுவரை உண்மையில் எவ்வளவு சுமந்தது? வடிவமைப்புச் சுமை எவ்வளவு என்பது வேறு கேள்வி. பழைய கணக்கேட்டில் 600 கிலோநியூட்டன் என்றிருக்கலாம். அதில் ஒரு பங்கு, ஒருபோதும் முழுமையாக வந்திராத நேரடிச் சுமை (ஆட்கள், பொருட்கள் போன்ற மாறும் சுமை). மண்ணின் நினைவில் பதிந்திருப்பது நிரந்தரச் சுமையும், நீண்ட காலம் நின்ற நேரடிச் சுமையின் பகுதியும் மட்டுமே. வடிவமைப்புச் சுமையையே ‘ஏற்கெனவே சுமந்தது’ என்று எடுத்துக்கொண்டால், புதிதாக ஏறும் சுமை குறைவாகத் தோன்றும். அது ஆபத்தான பக்கம் சாயும் பிழை.

மண் ஆய்வறிக்கை புதிய ஃபுட்டிங் வரும் இடத்துக்கு மட்டும் இருந்தால் போதாது. பழைய ஃபுட்டிங்கின் அருகிலும் ஓர் ஆய்வுத் துளை வேண்டும்.

இணைப்பதா, பிரிப்பதா

மாதிரி போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு இது. பழைய கட்டடத்தையும் புதிய பகுதியையும் இயக்க இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிறுத்த முடியுமானால், அதைவிட நல்ல தீர்வு கிடையாது. முடியாதபோதுதான் இந்த வழிகாட்டியின் மீதிப் பகுதி தேவைப்படுகிறது.

இணைத்தே ஆக வேண்டும் என்றால், அடுத்த கேள்வி சட்டகத்தின் வகை. பழையதையும் புதியதையும் இணைக்கும் உத்திரங்களை இரு முனைகளிலும் பின் இணைப்பாக (கீல் போலச் சுழலும்படி) வைத்து, கிடைவிசையைப் பிரேசிங்குக்கு (தூண்களுக்கு இடையிலான சாய்வு உறுப்புகளுக்கு) கொடுத்தால், ஒரு தூண் 10 மி.மீ. இறங்கினாலும் உத்திரம் சற்றே சாயுமே தவிர அதில் மொமென்ட் பிறக்காது. உத்திரமும் தூணும் இறுக்கமாக இணைந்த மொமென்ட் சட்டகம் அப்படி விட்டுக்கொடுக்காது. பிரேசிங் வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும்: பிரேசிங் உள்ள ஒரு தூண் இடைவெளியின் இரு தூண்களும் பழையவற்றின் மேல் இருக்கட்டும், அல்லது இரண்டும் புதியவற்றின் மேல் இருக்கட்டும். ஒரு கால் பழையதிலும் ஒரு கால் புதியதிலும் நிற்கும் பிரேசிங், சட்டகத்திலேயே மிக விறைப்பான பகுதியைச் சரியாக இறக்க வேறுபாட்டின் குறுக்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

முதல் ஓட்டம்: அசையாத ஆதாரங்கள்

முதல் மாதிரியில் எல்லா ஆதாரங்களையும் இறங்காதவையாக வைத்து, தூண் அடிகளைப் பின்னாகக் கொடுங்கள். இந்த ஓட்டம் வடிவமைப்புக்கானதல்ல. ஒவ்வொரு அஸ்திவாரத்துக்கும் தோராயமாக எவ்வளவு சுமை வருகிறது என்று அறிந்து, புதிய ஃபுட்டிங்கின் அளவை முடிவு செய்து, அந்த எண்களை மண் பொறியாளரிடம் கொடுப்பதற்கானது. கொடுக்கும்போது நிரந்தரச் சுமை, நேரடிச் சுமை, காற்று ஆகியவற்றைத் தனித்தனியாக, பாதுகாப்புப் பெருக்கிகள் இல்லாமல் கொடுக்க வேண்டும். பெருக்கிய சுமைக்கு இறக்கம் கணக்கிட்டு வாங்குவது பரவலாக நடக்கும் வீண்வேலை.

இறக்கத்திலிருந்து ஸ்பிரிங்குக்கு

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். புதிய ஃபுட்டிங் 2 மீ. × 2 மீ.; அதன் மேல் 600 கிலோநியூட்டன்; அதாவது 150 கிலோபாஸ்கல் அழுத்தம். மண்ணின் மீட்சிக் குணகம் 20 மெகாபாஸ்கல், பாய்சான் விகிதம் (அழுத்தும்போது பக்கவாட்டில் விரியும் விகிதம்) 0.3. விறைப்பான சதுர ஃபுட்டிங்குக்குரிய வடிவக் காரணி 0.82. இறக்கம்:

150 × 2 × (1 − 0.09) × 0.82 ÷ 20,000 = 0.0112 மீ., அதாவது ஏறக்குறைய 11 மி.மீ.

செங்குத்து ஸ்பிரிங்கின் விறைப்பு = 600 ÷ 0.0112, ஏறத்தாழ 54,000 கிலோநியூட்டன்/மீ.

பல அலுவலகங்களில் இப்படிச் செய்யாமல், அறிக்கையில் உள்ள மண் எதிர்வினைக் குணகத்தை (ஒரு சதுர மீட்டர் மண்ணின் விறைப்பை) நேராக எடுத்துப் பரப்பால் பெருக்கிவிடுகிறார்கள். அந்த எண் மண்ணின் நிலையான பண்பு அல்ல. ஃபுட்டிங்கின் அளவைப் பொறுத்து மாறுவது. 300 மி.மீ. தட்டுச் சோதனையில் கிடைத்த மதிப்பை 2 மீ. ஃபுட்டிங்குக்கு அப்படியே போட்டால் ஸ்பிரிங் பல மடங்கு விறைப்பாகிவிடும். மண் பொறியியல் அறிஞர் டெர்சாகி 1955-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, களிமண்ணில் அந்த மதிப்பை 0.3 ÷ அகலம் என்ற விகிதத்தில் குறைக்க வேண்டும், 2 மீ. அகலத்துக்கு அது ஏழில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். ஆகவே, மண் பொறியாளரிடம் குணகத்தைக் கேட்காதீர்கள். ‘இந்த அளவு ஃபுட்டிங்கில் இந்தச் சுமைக்கு எத்தனை மில்லிமீட்டர் இறக்கம்’ என்று கேளுங்கள். வகுத்தலை நாமே செய்துகொள்ளலாம்.

ஸ்பிரிங் போட்டு மீண்டும் ஓட்டினால் எதிர்விசைகள் மாறும். மாறிய எதிர்விசைக்கு இறக்கமும் மாறும். எதிர்விசைகளின் மாற்றம் 5 விழுக்காட்டுக்குள் வரும்வரை சுற்றினால் போதும். பெரும்பாலும் மூன்றாவது சுற்று தேவைப்படாது.

சுமையின் வரலாறு

இங்கேதான் பெரும்பாலான மாதிரிகள் வழுக்குகின்றன. மேற்கண்ட புதிய தூணிலிருந்து 6 மீ. தள்ளி ஒரு பழைய தூண். அதே அளவு ஃபுட்டிங், அதே மண். அது இதுவரை சுமந்தது 400 கிலோநியூட்டன். புதிய உத்திரம் அதன் மேல் கூடுதலாக 80 கிலோநியூட்டனை ஏற்றுகிறது.

இரண்டு ஆதாரத்திலும் 54,000 ஸ்பிரிங் போட்டு, எல்லாச் சுமைகளையும் ஒரே மூச்சில் ஏற்றினால் மென்பொருள் சொல்வது: பழைய தூணின் இறக்கம் 480 ÷ 54,000 = 8.9 மி.மீ.; புதிய தூணுடையது 11.1 மி.மீ.; வேறுபாடு ஏறத்தாழ 2 மி.மீ. எல்லாம் நலம் என்று கோப்பை மூடிவிடலாம்.

உண்மையில் அந்த 400 கிலோநியூட்டனுக்கான இறக்கம் எப்போதோ முடிந்துபோனது. அது நடந்தபோது புதிய உத்திரம் அங்கே இல்லை. இனிப் பழைய தூண் இறங்கப்போவது 80 ÷ 54,000 = 1.5 மி.மீ. மட்டுமே. புதிய தூண் 11.1 மி.மீ. முழுவதையும் இனிமேல்தான் இறங்க வேண்டும். வேறுபாடு ஏறத்தாழ 10 மி.மீ. நான்கு மடங்குக்கும் மேல்!

இதன் விளைவை உத்திரத்தில் பார்ப்போம். நிலைமத் திருப்புத்திறன் (குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கும் அளவு) 20,000 செ.மீ.⁴ கொண்ட, 400 மி.மீ. ஆழமுள்ள எஃகு உத்திரம்; வளைவு விறைப்பு 40,000 கிலோநியூட்டன்-மீ². இரு முனைகளும் முழுமையாக இறுகியிருந்தால், இறக்க வேறுபாட்டால் வரும் மொமென்ட் 6 × 40,000 × 0.01 ÷ 36 = 67 கிலோநியூட்டன்-மீட்டர். குறுக்குவெட்டுக் குணகம் 1,000 செ.மீ.³ என்பதால் தகைவு 67 மெகாபாஸ்கல். 250 மெகாபாஸ்கல் எஃகில் இது கால் பங்குக்கும் மேல். வேறு எந்தச் சுமையும் ஏறுவதற்கு முன்பே போய்விட்ட பங்கு இது. தூண்கள் சற்றுச் சுழலும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறையும். ஆனால் ஒரே மூச்சு மாதிரி காட்டும் 15 கிலோநியூட்டன்-மீட்டருக்கு அது இறங்கிவிடாது.

இதை மாதிரிக்குள் கொண்டுவர இரண்டு வழிகள். சாப்2000, ஈடாப்ஸ் போன்ற பகுப்பாய்வு மென்பொருள்களில் கட்டுமானப் படிநிலைப் பகுப்பாய்வு உண்டு: முதல் படியில் பழைய சட்டகமும் பழைய சுமையும், அடுத்த படியில் புதிய உறுப்புகளைச் சேர்த்து, புதிய சுமையை ஏற்றுவது. இறக்கங்களைப் படிக்கும்போது முதல் படியின் அளவைக் கழித்துவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது, எளிய வழி. இரண்டு தனி மாதிரிகள். முதலாவதில் பழைய கட்டமைப்பு மட்டும், பழைய சுமையோடு, அசையாத ஆதாரங்களின் மேல். இரண்டாவதில் முழுக் கட்டமைப்பும் ஸ்பிரிங்குகளோடு. ஆனால் புதிதாகச் சேரும் சுமைகள் மட்டும். உறுப்பு விசைகளைக் கூட்டினால் இறுதி விசை. எல்லாம் நேரியலாக (சுமை இருமடங்கானால் விளைவும் இருமடங்காகும்படி) இருக்கும்வரை இது செல்லும். சரிபார்ப்பதும் எளிது: எந்தச் சுமை எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கேட்டால் போதும். பழைய தளத்தின் நேரடிச் சுமை இரண்டு கோப்பிலும் நுழைந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய மேல்கட்டுமானம் இடிக்கப்பட்டு, வெறும் ஃபுட்டிங் மட்டும் மீண்டும் பயன்படும் நிலையில் கதை வேறு. சுமை நீங்கிய மண் மீண்டும் அதே சுமையைக் காணும்போது, முதல் முறையைவிட விறைப்பாக நடந்துகொள்ளும். பொதுவாக 3 மடங்கு என்பது தொடக்க மதிப்பாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. பழைய சுமையின் அளவைத் தாண்டிய பின் விறைப்பு பழையபடி குறைந்துவிடும். ஆகவே அந்த ஸ்பிரிங்குக்கு இரண்டு சரிவுகள் உண்டு.

புதியது பைல் (மண்ணில் ஆழமாக இறக்கிய தூண்), பழையது ஆழமற்ற ஃபுட்டிங் என்றால் எல்லாமே தலைகீழ். இப்போது புதிய ஆதாரம் விறைப்பானது. கூடுதல் சுமை அதை நோக்கி ஓடும்.

மண்ணின் வகையும் காலமும்

மணலில் இறக்கத்தின் பெரும்பகுதி கட்டும்போதே முடிந்துவிடும். அதனால் புதிய தூணையும் தளத்தையும் முதலில் நிறுத்தி, நிரந்தரச் சுமையை ஏற்றிய பிறகு பழைய பகுதியோடு இணைக்கும் போல்ட்டுகளை இறுக்கினால், அந்த 10 மி.மீ.யின் கணிசமான பங்கு உத்திரத்தைத் தொடாமலே போய்விடும். இதை நம்பி வடிவமைத்தால், வரைபடத்தில் இந்த வரிசையை எழுதியே ஆக வேண்டும். தளத்தில் இருப்பவர்களுக்கு நம் மாதிரி தெரியாது.

ஈரம் நிறைந்த களிமண்ணில் இந்த உத்தி பாதிதான் பலிக்கும். நீர் வெளியேறி மண் இறுகுவதற்கு மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் ஆகும். அங்கே இரண்டு ஸ்பிரிங் தொகுப்புகள் வேண்டும்: நிரந்தரச் சுமைக்கு நீண்டகால விறைப்பு, காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் அதைவிட உயர்ந்த குறுகியகால விறைப்பு. காற்றுக்கும் நீண்டகால ஸ்பிரிங்கையே போட்டு, சட்டகம் பக்கவாட்டில் அதிகமாக ஆடுகிறது என்று தூணைப் பெரிதாக்குவது எஃகை வீணடிப்பதாகும்.

தூண் அடி: இறுக்கமா, கீலா

சுழற்சி ஸ்பிரிங்குக்கு முதலில் ஓர் எளிய கணக்கு. மேற்கண்ட ஃபுட்டிங்கில் மண்ணின் விறைப்பு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 13,400 கிலோநியூட்டன்/மீ. ஃபுட்டிங் பரப்பின் நிலைமத் திருப்புத்திறன் 2⁴ ÷ 12 = 1.33 மீ.⁴. பெருக்கினால் சுழற்சி விறைப்பு ஏறத்தாழ 17,900 கிலோநியூட்டன்-மீ./ரேடியன். (இந்த முறை உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும், விறைப்பான ஃபுட்டிங்கின் ஓரங்களில் மண் கூடுதலாக எதிர்ப்பதை அது கணக்கில் எடுப்பதில்லை.)

தூண்: நிலைமத் திருப்புத்திறன் 10,000 செ.மீ.⁴, உயரம் 5 மீ. அதன் சுழற்சி விறைப்பு 4 × 20,000 ÷ 5 = 16,000. இரண்டும் கிட்டத்தட்டச் சமம். மேல்முனை சுழலாத தூணில், ‘இறுக்கமான அடி’ என்று வைத்தால் அடியில் வரும் மொமென்ட்டில் 53 விழுக்காடுதான் உண்மையில் அங்கே வரும். மீதி மேலே உள்ள இணைப்புகளுக்கும் உத்திரத்துக்கும் போகும். பேஸ் பிளேட் (தூணின் அடித்தகடு), ஆங்கர் போல்ட் (அதைக் கான்கிரீட்டோடு பிடிக்கும் போல்ட்), பெடஸ்டல் ஆகியவற்றின் நெகிழ்வையும் தொடராகச் சேர்த்தால் இன்னும் குறையும். கணக்கே வேண்டாம் என்பவர்களுக்குப் பிரிட்டிஷ் நடைமுறையில் ஒரு கைவிதி உண்டு: இறுக்கமான அடி என்று கருதினால் தூணின் விறைப்புக்குச் சமமான ஸ்பிரிங், கீல் அடி என்று கருதினால் அதில் 10 விழுக்காடு.

மென்பொருளில் எண்ணை உள்ளிடும்போது அலகைக் கவனியுங்கள். ஸ்டாட் புரோ சுழற்சி ஸ்பிரிங்கை டிகிரிக்கு இவ்வளவு என்று கேட்கிறது, சாப்2000 ரேடியனுக்கு. 17,900 என்பது டிகிரியில் 312. ரேடியன் எண்ணை டிகிரிக் கட்டத்தில் போட்டால் ஆதாரம் 57 மடங்கு விறைப்பாகும். நாம் ஸ்பிரிங் போட்டதாக நினைத்திருக்க, மாதிரி இறுக்கமான அடியாக நடந்துகொண்டிருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது.

ஸ்பிரிங்கை எந்த மட்டத்தில் வைப்பது? பேஸ் பிளேட்டின் கீழ் நேராக வைப்பது வழக்கமான குறுக்குவழி. மண் அங்கே இல்லை, 1.5 மீ. கீழே இருக்கிறது. தூண் அடியில் 25 கிலோநியூட்டன் கிடைவிசை இருந்தால், ஃபுட்டிங்கின் அடியில் அது கூடுதலாக 37.5 கிலோநியூட்டன்-மீட்டர் மொமென்ட் ஆகிறது. பெடஸ்டலைக் கான்கிரீட் உறுப்பாக மாதிரியில் சேர்த்து, ஸ்பிரிங்கை ஃபுட்டிங்கின் அடிமட்டத்தில் வையுங்கள். பழைய பெடஸ்டலின் மையமும் புதிய தூணின் மையமும் பொருந்தாவிட்டால், அந்த விலகலையும் அங்கேயே ஒரு விறைப்பான சிறு உறுப்பாகக் காட்டிவிடலாம்.

பழைய பெடஸ்டலில் துளையிட்டு வேதிப் பசையால் பதிக்கும் ஆங்கர்கள் தனிக் கவலை. எஃகு போல்ட் தாங்கும். பெடஸ்டலின் ஓரம் அருகில் இருப்பதால் கான்கிரீட் கூம்பாகப் பிளந்துகொண்டு வந்துவிடும். அத்தகைய இடத்தில் அடியைக் கீலாக வைத்து, மொமென்ட்டைப் புதிய அஸ்திவாரங்களுக்குத் திருப்புவதே நல்லது.

மேல்நோக்கிய இழுப்பும் கிடைவிசையும்

எஃகுக் கட்டடம் எடை குறைந்தது. காற்று வீசும்போது சில தூண்கள் அஸ்திவாரத்தை மேலே இழுக்கும். சாதாரண ஸ்பிரிங் இருபுறமும் வேலை செய்யும், மண் இழுக்காது. ஃபுட்டிங்கின் எடையும் அதன் மேலுள்ள மண்ணின் எடையும் இழுப்பைத் தாண்டி நிற்கிறதா என்று முதலில் கையால் பாருங்கள். நிற்காவிட்டால் அழுத்தத்தை மட்டும் ஏற்கும் ஸ்பிரிங் தேவை. அது வந்துவிட்டால் நேரியல் தன்மை போய்விடும்: தனித்தனிச் சுமைகளின் விடைகளைப் பின்னால் கூட்ட முடியாது, ஒவ்வொரு சுமைச் சேர்க்கையையும் முழுமையாக ஓட்ட வேண்டும். மேலே சொன்ன இரண்டு கோப்பு முறையும் அங்கே செல்லாது. படிநிலைப் பகுப்பாய்வுக்குப் போக வேண்டும்.

கிடைத்திசையில் எல்லா அடிகளையும் பூட்டிவிட்டால் வெப்பநிலை மாற்றம் பொய்யான விசைகளைக் காட்டும். 40 மீ. நீளச் சட்டகம் 30 டிகிரி செல்சியஸ் உயர்வில் ஏறத்தாழ 14 மி.மீ. விரியும். ஃபுட்டிங்குகள் சிறிதளவு நகர்ந்தாலே அந்த விசையில் பெரும்பகுதி கரைந்துவிடும். கிடைத்திசையிலும் ஸ்பிரிங் கொடுங்கள்.

பக்கத்து ஃபுட்டிங்கின் பாதிப்பு

தனித்தனி ஸ்பிரிங்குகளுக்கு ஒன்றையொன்று தெரியாது. ஆனால் புதிய ஃபுட்டிங்கின் 600 கிலோநியூட்டன் சுற்றியுள்ள மண்ணையும் கீழே இழுக்கும். மீட்சிக் கோட்பாட்டின்படி 6 மீ. தள்ளியுள்ள பழைய தூணில் இது ஏறத்தாழ 1.4 மி.மீ.; 2.5 மீ. தொலைவில் ஏறத்தாழ 3.5 மி.மீ. நம் சட்டகத்தைப் பொறுத்தவரை இது நல்ல செய்தி போலத் தோன்றும், வேறுபாடு குறைகிறதே என்று. பழைய கட்டடத்துக்கு அது கெட்ட செய்தி: ஓரத்தூண் இறங்க, உள்தூண்கள் அப்படியே நிற்கும். இந்த இறக்கத்தைப் பழைய ஆதாரங்களில் கட்டாய இடப்பெயர்ச்சியாகக் கொடுக்க வேண்டும். ஸ்பிரிங் உள்ள முனையில் அதைக் கொடுத்தால், ஸ்பிரிங்கின் மண்பக்க முனைக்குச் செல்கிறதா, தூண்பக்க முனைக்கா என்பதை மென்பொருளின் கையேட்டில் பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் விடை வேறு.

புதிய குழி பழைய ஃபுட்டிங்கின் அடிமட்டத்தைவிட ஆழமாகப் போனால், மாதிரியை மூடிவைத்துவிட்டு முதலில் அகழ்வின் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். பழைய ஃபுட்டிங்கின் கீழ் ஓரத்திலிருந்து 45 டிகிரிச் சரிவில் வரையும் கோட்டுக்குள் குழி நுழையக் கூடாது என்பது பரவலான விதி. தளர்ந்த மண்ணில் சரிவு இன்னும் தட்டையாக இருக்க வேண்டும்.

எல்லைகளுக்குள் ஓட்டுங்கள், பிறகு சோதியுங்கள்

மண்ணின் விறைப்பு ஒற்றை எண் அல்ல. அமெரிக்க ஏஎஸ்சிஇ 41 தரநிலை, நிலநடுக்க மதிப்பீட்டுக்கு எதிர்பார்க்கும் மதிப்பின் பாதியையும் இருமடங்கையும் எல்லைகளாக வைக்கச் சொல்கிறது. அந்தப் பழக்கத்தை இங்கேயும் கடைப்பிடிக்கலாம்; ஆனால் எல்லா ஸ்பிரிங்குகளையும் ஒன்றாகக் கூட்டிக் குறைப்பது போதாது. பழையது இருமடங்கு, புதியது பாதி என்ற சேர்க்கைதான் உத்திரத்தைக் கடுமையாகச் சோதிக்கும். நம் எடுத்துக்காட்டில் அப்போது புதிய தூண் 22 மி.மீ., பழையது 1 மி.மீ.க்கும் குறைவு, வேறுபாடு இருமடங்குக்கு மேல். 6 மீ. இடைவெளியில் அது ஏறத்தாழ 1/280. ஸ்கெம்ப்டனும் மெக்டொனால்டும் 1956-இல் சுவர் விரிசலுக்குக் குறித்த எல்லை 1/300. வடிவமைப்புக்கு அவர்கள் பரிந்துரைத்தது 1/500. உத்திரத்தைப் பெரிதாக்கி இதைத் தீர்க்க முயல்வது எதிர்த்திசையில் ஓடுவதாகும்: விறைப்பு கூடக்கூட இறக்கத்தால் வரும் மொமென்ட்டும் கூடும். முனைகளைப் பின்னாக்குவது, புதிய ஃபுட்டிங்கை அகலமாக்குவது, இணைப்பைத் தாமதப்படுத்துவது ஆகியவையே வேலை செய்யும்.

விடைகளை நம்புவதற்கு முன் சில எளிய சோதனைகள். எதிர்விசைகளின் கூட்டுத்தொகை ஏற்றிய சுமைக்குச் சமமா? ஒவ்வொரு ஆதாரத்தின் இறக்கத்தையும் ஸ்பிரிங்கால் பெருக்கினால் எதிர்விசை வருகிறதா? எல்லா ஸ்பிரிங்குகளையும் ஆயிரம் மடங்காக்கி, தூண் அடிகளைப் பின்னாக்கினால் முதல் ஓட்டத்தின் விடை திரும்புகிறதா? ஸ்டாட் புரோவில் இயல்பாக மேல்நோக்கிய அச்சு ஒய். சாப்2000, ஈடாப்ஸில் அது இசட். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எண்களைக் கொண்டுபோகும்போது செங்குத்து ஸ்பிரிங் கிடைத்திசையில் போய் உட்காருவதை இந்தச் சோதனைகள் பிடித்துவிடும்.

கடைசியாக வரைபடத்துக்குப் போக வேண்டியவை: ஒவ்வொரு தூண் அடியிலும் எதிர்பார்க்கும் இறக்கம், இணைப்பு போல்ட்டுகளை இறுக்க வேண்டிய கட்டம், மட்டம் பார்க்கும் குறிகள் பதிக்கும் இடம். குறிகளைப் புதிய சுமை எதுவும் ஏறுவதற்கு முன்பே பழைய, புதிய தூண்கள் இரண்டிலும் பதித்து முதல் அளவை எடுத்துவிட வேண்டும். நிரந்தரச் சுமை ஏறிய பின் எடுக்கும் அளவில் வேறுபாடு கணக்கிட்டதைத் தாண்டியிருந்தால், இணைப்பை இறுக்காமல் நிறுத்திவைத்து, அளந்த இறக்கத்தையே மாதிரியில் போட்டு மீண்டும் ஓட்டுங்கள்.